காயம் எங்கே ஆறுகிறது?

புதிதாக ஒரு ஷூட்டர் விளையாட்டை, அதாவது எதிரிகளைச் சுட்டு ஆடும் வீடியோ விளையாட்டை, யாராவது புகழ்ந்து பேசினால் நான் கேட்கும் முதல் கேள்வி சற்று விசித்திரமாகத் தோன்றும்: "அடிபட்டால் ஹெல்த் எப்படித் திரும்பக் கிடைக்கும்?" ஹெல்த் என்பது நம் நாயகன் இன்னும் எவ்வளவு அடி தாங்குவான் என்பதன் அளவு. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஒரு நொடி தயங்குவார். நூறு மணி நேரம் ஆடியிருப்பார், எந்தத் துப்பாக்கி எத்தனை தோட்டா கொள்ளும் என்பது மனப்பாடமாக இருக்கும், இதை மட்டும் யோசித்திருக்க மாட்டார். எனக்கோ அந்தப் பதில் ஒன்றே போதும். அந்த விளையாட்டில் என் கால்கள் ஓடப்போகின்றனவா, ஒளியப்போகின்றனவா, எதிரியின் முகத்துக்கு நேரே பாயப்போகின்றனவா என்று அதை வைத்தே பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

துப்பாக்கி கையில் இருப்பதால் நம் கவனமெல்லாம் கையிலேயே நிற்கிறது. என் கணக்கில் சுடும் விளையாட்டு என்பது கால்களின் விளையாட்டு. எங்கே நிற்பது, எப்போது நகர்வது, எந்தப் பக்கம் திரும்புவது என்ற முடிவுகளுக்கு நடுவே குறி பார்ப்பது ஒரு சிறு வேலை. அந்த முடிவுகளைத் தானே எடுப்பதாக ஆட்டக்காரர் நினைத்துக்கொள்கிறார். காயம் ஆறும் இடத்தை வடிவமைப்பாளர் எங்கே வைக்கிறாரோ, தண்ணீர் பள்ளத்தைத் தேடுவதுபோல் கால்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் ஹெல்த் என்ற எண்ணமே கிடையாது. ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர் போயிற்று. ஒதுங்குவதற்கு நான்கு அரண்கள் இருந்தன. எதிரியின் குண்டுகள் அவற்றை அரித்தன. உள்ளே நின்றுகொண்டு அவசரப்பட்டுச் சுட்டால் நம் குண்டும் அதே அரணைத்தான் அரித்தது. ஒளியலாம், ஆனால் ஒளிவிடம் தேய்ந்துகொண்டே வரும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து வந்த பல விளையாட்டுகளில் சிமெண்ட் சுவர்கள் ஆயிரம் தோட்டாக்களுக்கும் அசையாமல் நிற்பதைப் பார்க்கும்போது, அந்தப் பழைய நான்கு அரண்கள் மீது எனக்குத் தனி மரியாதை வருகிறது.

நாயகனின் கண் வழியே, முதல் நபர் பார்வையில் சுடும் விளையாட்டுகளுக்கு வடிவம் கொடுத்த ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம், 1992-இல் வுல்ஃபன்ஸ்டைன் 3டி-யை வெளியிட்டபோது, ஹெல்த்தைத் தரையில் சிதறவிட்டது. முதலுதவிப் பெட்டிக்கு 25, ஒரு தட்டு உணவுக்கு 10, நாய்க்கு வைத்த சாப்பாட்டுக்கு 4. நாயின் தட்டைக்கூட விடாமல் வழித்துத் தின்ற நாட்களை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அடுத்த ஆண்டு டிசம்பரில் வந்த டூம் அந்த ஏற்பாட்டை ஒரு கலையாகவே ஆக்கியது. சிறு மருந்துப் பெட்டி 10 கொடுக்கும், பெரியது 25. நூறு நிறைந்திருந்தால் இரண்டையும் எடுக்க முடியாது. ஒவ்வொன்றாக ஏற்றும் நீல மருந்துக் குப்பிகளைப் பொறுக்கினால் நூறைத் தாண்டி 200 வரை போகலாம்.

"நூறு நிறைந்திருந்தால் எடுக்க முடியாது" என்ற அந்த ஒரு விதி செய்யும் வேலையைப் பாருங்கள். 92 ஹெல்த்துடன் ஒரு பெரிய பெட்டியின் முன்னால் நிற்கிறீர்கள். இப்போது எடுத்தால் 17 வீண். விட்டுவிட்டுப் போனால் அது இருக்கும் இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் கழித்து ஹெல்த் 7-க்கு இறங்கிய நேரத்தில், இரண்டு கதவுகளுக்கு முன்னால் வலது மூலையில் விட்டுவந்த பெட்டி நினைவுக்கு வருகிறது. நடுவில் இன்னும் சாகாத இரண்டு எதிரிகள். போவதா, வேண்டாமா? அந்த நொடியில் வரைபடம் முழுவதும் தலைக்குள் விரிகிறது. டூமின் நிலவறைகள் இத்தனை ஆண்டுகள் கழித்தும் என் நினைவில் ஒவ்வொரு மூலையாக நிற்பதற்குக் காரணம் அவற்றின் அழகு என்று நான் நம்பவில்லை. காயத்தோடு அலைந்த தெருக்கள் மறப்பதில்லை, அவ்வளவுதான்.

டூமில் இன்னொரு நுட்பமும் உண்டு. துப்பாக்கி ஏந்திய எதிரிகள் சுட்டால் தோட்டா அந்தக் கணமே வந்து தைத்துவிடும், விலக வழியில்லை. தீப்பந்து வீசும் எதிரிகளிடமோ, பந்து பறந்து வருவதைக் கண்ணால் பார்த்து விலகலாம். முதல் வகையினரைக் கண்டால் உடனே ஒழிக்க வேண்டும், இரண்டாம் வகையினரோடு நடனமாடலாம். பறந்து வரும் பந்தைத் தவிர்க்க வேகமாக ஓடும் கால்கள் தேவை. டூமின் நாயகன் அப்படித்தான் ஓடுவான். எதிரியின் ஆயுதம், நாயகனின் வேகம், தரையில் கிடக்கும் மருந்து மூன்றும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தன.

இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டையும் இருந்தது. அதை மறைத்துப் பேசினால் பழைய விளையாட்டுகள் மீதான வெறும் ஏக்கமாகிவிடும். லெவல் வடிவமைப்பவருக்கு, ஆட்டக்காரர் அடுத்த அறைக்குள் 100 ஹெல்த்துடன் நுழைவாரா, 5 ஹெல்த்துடன் நுழைவாரா என்பது தெரியாது. நூறுக்குத் தக்கபடி சண்டையை அமைத்தால் ஐந்துடன் வருபவர் செத்துச் செத்து வெறுத்துப்போவார். ஐந்துக்குத் தக்கபடி அமைத்தால் நூறுடன் வருபவர் கொட்டாவி விடுவார். கணினியில் எங்கு வேண்டுமானாலும் ஆட்டத்தைச் சேமித்துக்கொள்ளலாம் என்பதால் ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு மூலையிலும் சேமித்தார்கள். இரண்டு அடி வைப்பது, சேமிப்பது, அடிபட்டால் பழைய சேமிப்புக்குத் திரும்புவது. நானும் அப்படி ஆடியவன்தான். கணக்குப் பிள்ளை பேரேடு எழுதுவதற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. 1998-இல் ஹாஃப்-லைஃப் வந்தபோது மருந்து தரும் இயந்திரங்களைச் சுவரில் பதித்து வைத்தது. எங்கே பெரிய சண்டை முடிகிறதோ அங்கே இயந்திரம். ஆனாலும் அடிப்படைச் சிக்கல் அப்படியே இருந்தது.

அதை அவிழ்த்தது பங்கி நிறுவனத்தின் ஹேலோ, 2001-இல். எல்லோரும் ஹேலோவை நினைவுகூரும்போது "ஹெல்த் தானாக ஏறும் விளையாட்டு" என்கிறார்கள். முதல் ஹேலோவில் அது பாதி உண்மைதான். மேலே ஒரு கவசம், அடியில் ஹெல்த். சில நொடிகள் அடிபடாமல் இருந்தால் கவசம் நிரம்பிவிடும். அடியிலுள்ள ஹெல்த் அப்படி நிரம்பாது. அதற்கு மருந்துப் பெட்டிதான் தேவை. எனவே சிறு தவறுகளுக்கு மன்னிப்பு உண்டு, பெரிய தவறுகளுக்குத் தழும்பு உண்டு. எந்த அறைக்குள் நுழைந்தாலும் கவசமாவது முழுதாக இருக்கும் என்று வடிவமைப்பாளர் நம்பலாம். ஹெல்த் குறைந்தவனின் நடுக்கமும் மிச்சமிருந்தது. கவசம் தீர்ந்ததும் ஒலிக்கும் அந்த எச்சரிக்கை மணி இன்றும் என் முதுகுத்தண்டில் குடியிருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தத் துறை கண்ட மிக நியாயமான ஒப்பந்தம் இதுதான். 2004-இல் வந்த ஹேலோ 2 மருந்துப் பெட்டிகளை எடுத்துவிட்டது. 2009-இல் ஹேலோ 3: ஓடிஎஸ்டியும் 2010-இல் ஹேலோ ரீச்சும் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தன. செய்தவர்களே திரும்பிப் பார்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி.

மற்றவர்கள் ஹேலோவிடமிருந்து பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2003-இல் வந்த முதல் கால் ஆஃப் டியூட்டியில் மருந்துப் பெட்டிகள் இருந்தன. 2005-இல் இரண்டாம் பாகம் வந்தபோது பெட்டியும் போயிற்று, ஹெல்த் காட்டும் பட்டையும் போயிற்று. அடிபட்டால் திரையின் ஓரம் சிவக்கும், மூச்சு இரைக்கும். சற்றே ஒதுங்கி நின்றால் எல்லாம் சரியாகிவிடும். 2006-இல் எபிக் நிறுவனத்தின் கியர்ஸ் ஆஃப் வார், ஒரு பொத்தானை அழுத்தினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் வசதியைத் துல்லியமாகச் செய்து காட்டியது. சுவருக்குப் பின்னால் காத்திருப்பது, தலையை நீட்டிச் சுடுவது, மறுபடி காத்திருப்பது என்ற சுழற்சி அதன் பிறகு வந்த ஏராளமான விளையாட்டுகளுக்கு முதுகெலும்பாகிவிட்டது.

கியர்ஸை நான் குறை சொல்ல மாட்டேன். சுவரை அது ஒரு சதுரங்கக் கட்டம்போல் பயன்படுத்தியது; பக்கவாட்டில் வந்து துரத்தும் எதிரிகள் நம்மை ஒரே இடத்தில் உட்காரவிடவில்லை. தோட்டா நிரப்பும்போது சரியான நொடியில் பொத்தானை மீண்டும் அழுத்தினால் கூடுதல் வலிமை கிடைக்கும் என்ற சிறு சூதாட்டத்தை வைத்ததால், காத்திருக்கும் நேரத்துக்குக்கூட ஒரு படபடப்பு வந்தது. பின்னால் வந்தவர்கள் சுவரை மட்டும் எடுத்துக்கொண்டு படபடப்பை விட்டுவிட்டார்கள். ஓர் அறைக்குள் நுழைகிறேன். இடுப்பளவு உயரத்தில் ஏழெட்டுச் சுவர்கள் ஒழுங்காக வரிசையில் நிற்கின்றன. எதிரி யாரும் இன்னும் வரவில்லை. எங்கே, எத்தனை பேருடன் சண்டை நடக்கப்போகிறது என்று கட்டடமே சொல்லிவிடுகிறது. இதைவிட மோசமான கதைசொல்லியை நான் பார்த்ததில்லை.

சிவக்கும் திரையைப் பற்றி ஒரு வார்த்தை. எதிரியைத் தெளிவாகப் பார்த்தே ஆக வேண்டிய நேரத்தில் கண்ணின் மேல் சாயம் பூசுகிறது அது. இன்னும் எத்தனை அடி தாங்குவேன் என்பதையும் சொல்வதில்லை. பட்டையில் 23 என்று இருந்தால் துணியலாமா என்று கணக்குப் போடலாம். வெறும் சிவப்பைப் பார்த்து ஒளிய மட்டுமே முடியும். கணக்குப் போடும் ஆட்டக்காரரை அனிச்சையாகச் சுருளும் மரவட்டையாக அது மாற்றிவிட்டது.

ஆனால் பட்டையில் தெரியும் எண்ணும் எப்போதும் உண்மை பேசுவதில்லை. 2017-இல் வடிவமைப்பாளர்கள் பலர் தங்கள் தொழில் இரகசியங்களைப் பொதுவெளியில் பகிர்ந்துகொண்டபோது சில சுவையான செய்திகள் வந்தன. பயோஷாக்கில் எதிரிகளின் முதல் குண்டு வேண்டுமென்றே தவறும். அசாசின்ஸ் கிரீடில் பட்டையின் கடைசித் துண்டுக்குள் கண்ணுக்குத் தெரிவதைவிட அதிக ஹெல்த் ஒளிந்திருக்கும். மயிரிழையில் தப்பித்தோம் என்று நாம் பெருமைப்பட்ட தருணங்களில் எத்தனை நமக்குப் பிச்சையாகக் கிடைத்தவையோ! எனக்கு இதில் கோபமில்லை. மேடையில் கத்தி அட்டை என்பது தெரிந்துதானே நாடகம் பார்க்கிறோம்.

தானாக ஏறும் ஹெல்த்தால் எனக்கு உள்ள பெரிய குறை வேறு: ஒரு சண்டையின் நினைவு அடுத்த சண்டைக்கு வந்து சேர்வதில்லை. பத்து நொடி நின்றால் நடந்தவை அனைத்தும் அழிந்துவிடுகின்றன. நன்றாக ஆடியவரும் மோசமாக ஆடியவரும் அடுத்த அறைக்குள் ஒரே நிலையில் நுழைகிறார்கள். எதிர்த்து ஆடுவதும் மனிதர்களாக இருக்கும்போது மட்டும் இந்தக் குறையே ஒரு நல்ல அம்சமாக மாறிவிடுகிறது. நேருக்கு நேர் மோதி ஒருவனை வீழ்த்தியவன் 10 ஹெல்த்துடன் நொண்டிக்கொண்டிருந்தால் அடுத்து வருபவன் உழைப்பில்லாமல் அவனைத் தட்டிவிடுவான். 2007-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி 4: மாடர்ன் வார்ஃபேரில், பலர் மோதும் வேகமான ஆட்டத்தில், வென்றவன் சில நொடிகளில் மீண்டுவிடுவதுதான் நியாயம். அங்கே அந்த முறைக்கு என் வாக்கு உண்டு.

இரண்டுக்கும் நடுவே சமரசம் தேடியவர்களும் உண்டு. 2006-இல் ரெசிஸ்டன்ஸ், பட்டையை நான்கு துண்டாக்கி அந்தத் துண்டுக்குள் மட்டும் ஏறவிட்டது. 2008-இல் ஃபார் கிரை 2 இன்னும் ஒரு படி போனது: ஹெல்த் கடைசித் துண்டுக்கு இறங்கினால், நாயகன் குறடு வைத்துத் தன் உடம்பிலிருந்து தோட்டாவைப் பிடுங்க வேண்டும். எதிரி இருபது அடியில் நிற்கும்போது அதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடப் பயங்கரமான காட்சி அந்த விளையாட்டில் வேறில்லை.

இதே கேள்விக்கு வாளும் கோடரியும் ஏந்திய ஆக்‌ஷன் விளையாட்டுகள் வேறு பக்கத்திலிருந்து பதில் தேடின. ஃப்ரம்சாஃப்ட்வேரின் டார்க் சோல்ஸ் 2011-இல் ஆட்டக்காரரின் கையில் ஒரு குடுவையைக் கொடுத்தது. எத்தனை மடக்கு என்பது எண்ணிக்கைக்கு உட்பட்டது. குடிக்கும் நேரத்தில் எதிரி சும்மா இருக்க மாட்டான். தீ மூட்டிய இடத்தில் உட்கார்ந்தால் குடுவை நிரம்பும். கூடவே கொன்ற எதிரிகளில் பெரும்பாலோர் உயிர்த்தெழுந்து தத்தம் இடத்துக்கு வந்துவிடுவார்கள். ஹெல்த் என்பது இங்கே தூரத்தின் அளவு. இன்னும் இரண்டு மடக்கு இருக்கிறது, அடுத்த தீ எங்கே என்று தெரியாது, முன்னே போவதா திரும்புவதா? டூமின் மருந்துப் பெட்டிக் கணக்கு வேறு உடையில் திரும்பி வந்துவிட்டது என்றே எனக்குப் பட்டது.

டார்க் சோல்ஸை இயக்கிய ஹிடெடாகா மியாசாகி 2015-இல் பிளட்போர்னில் துணிச்சலான ஒன்றைச் செய்தார். அடிபட்டதும் இழந்த ஹெல்த் உடனே மறைந்துவிடாது. பட்டையில் வேறு நிறத்தில் சிறிது நேரம் தங்கும். அதற்குள் திருப்பி அடித்தால் இழந்ததை மீட்கலாம். அதுவரை அடிபட்டால் பின்வாங்கு என்று பழகிய உடம்புக்கு இது பெரிய அதிர்ச்சி. நான் அதைக் கற்றுக்கொள்ள இரண்டு வாரம் ஆயிற்று. மூளைக்குப் புரிந்துவிட்டது, கட்டைவிரல்தான் பின்னால் உருள்வதை நிறுத்தவில்லை. ஒரு நாள் ஒரு பெரிய விலங்கிடம் கிட்டத்தட்ட செத்துவிட்ட நிலையில், பயத்தில் அடித்த நான்கைந்து அடிகளில் பாதிக்கு மேல் ஹெல்த் திரும்பியபோதுதான் கைக்குப் புரிந்தது. இவ்வளவு அருமையான ஏற்பாட்டின் பக்கத்திலேயே, தீர்ந்தால் தேடித் திரட்ட வேண்டிய இரத்தக் குப்பிகளை ஏன் வைத்தார்கள் என்பதுதான் விளங்கவில்லை. ஒரு கடினமான எதிரியிடம் பலமுறை தோற்றால் குப்பிகள் காலியாகும். பிறகு எளிய எதிரிகளை அரைமணி நேரம் வெட்டிச் சேர்க்க வேண்டும். முன்னேறிப் பாய் என்று சொல்லிக்கொடுத்த விளையாட்டே ரேஷன் வரிசையில் நிற்கவும் வைத்தது.

ஷூட்டர் உலகில் அந்தப் பாய்ச்சலைச் செய்து காட்டியது மறுபடியும் டூம். அதன் நான்காம் பாகமாக முதலில் உருவாகிக்கொண்டிருந்த வடிவம் கால் ஆஃப் டியூட்டியின் சாயலில் போய்விட்டதென்று ஐடி நிறுவனம் அதைக் கைவிட்டு, புதிதாகத் தொடங்கியது. 2016-இல் வெளிவந்த டூமில், நன்றாக அடிபட்ட எதிரி நிலைகுலைந்து ஒளிர்வான். அருகே ஓடிப்போய் ஒரு பொத்தானை அழுத்தினால் கையாலேயே அவனை முடித்துவிடலாம். உடம்பிலிருந்து ஹெல்த் தெறித்து விழும். நம்மிடம் ஹெல்த் குறைவாக இருந்தால் அதிகமாக விழும். ரம்பத்தால் அறுத்தால் தோட்டாக்கள் கொட்டும். மருந்துப் பெட்டி இப்போது இரண்டு கால்களில் நடந்து நம்மை நோக்கி வருகிறது. உயிர் போகும் நிலையில் கூட்டத்தை விட்டு ஓடினால் செத்தோம், கூட்டத்துக்குள் ஓடினால் பிழைத்தோம். சுவருக்குப் பின்னால் பத்தாண்டுகள் உட்கார்ந்து மரத்துப்போன கால்களுக்கு அது என்ன ஒரு விடுதலை!

2020-இல் டூம் எட்டர்னல் இதையே இறுக்கிக் கட்டியது. ஹெல்த்துக்குக் கை, தோட்டாவுக்கு ரம்பம், கவசத்துக்கு நெருப்பு. தோட்டாவோ சீக்கிரம் தீர்ந்துவிடும். அதைப் போற்றுபவர்கள் பலர். நானும் அதன் திறமையை மதிக்கிறேன். ஆனால் சில இரவுகளில் அது வீட்டுப்பாடம்போல் இருந்தது. இந்த எதிரிக்கு இந்த ஆயுதம், இந்த நேரத்தில் இந்தப் பொத்தான் என்று வாத்தியார் தலைமாட்டில் நின்றுகொண்டே இருந்தார். முந்தைய பாகத்தில் பாய்வது என் ஆசையாக இருந்தது, இதில் பாய்வது உத்தரவாகிவிட்டது.

ஆறவே ஆறாத காயம் ஒன்றும் உண்டு. ஹாஃப்-லைஃபின் மேல் ரசிகர்கள் கட்டிய மாற்று வடிவமாக 1999-இல் பிறந்த கவுன்டர்-ஸ்ட்ரைக்கில், ஒரு ரவுண்டுக்குள் பட்ட அடி பட்டதுதான். அடுத்த ரவுண்டில் எல்லோரும் மறுபடி 100. ஏகே-47 குண்டு ஒன்று தலையில் பட்டால், தலைக்கவசம் இருந்தாலும் முடிந்தது கதை. ஓடிக்கொண்டே சுட்டால் குறி சிதறும். நின்றுதான் சுட வேண்டும். எனவே அங்கே ஒவ்வொரு அடியும் யோசித்து வைப்பது. இழந்த ஹெல்த்தை மீட்க வழியே இல்லாததால், அதைச் செலவழிக்கவே ஆட்டக்காரர் பழகிக்கொள்கிறார். நாற்பது போனாலும் பரவாயில்லை, எதிரி எந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறான் என்ற செய்தி கிடைத்ததே என்று நிம்மதி அடையும் விசித்திரம் வேறு எந்த விளையாட்டிலும் எனக்கு நேர்ந்ததில்லை.

காயம் ஆறும் இடம் ஒரு மனிதராகவும் இருக்கலாம். 2007-இல் வந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2-இல் மருத்துவர் பாத்திரத்தை எடுப்பவர் நண்பர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஆட்டம் முழுவதையும் கழிப்பார். அவர் சேமித்த ஆற்றலைத் திறந்துவிட்டால் 8 நொடிகளுக்குத் தானும் தன் கூட்டாளியும் அடிபடாதவர்களாகிவிடுவார்கள். அடுத்த ஆண்டு வந்த லெஃப்ட் 4 டெட்டில் ஆளுக்கொரு மருந்துப் பை. ஹெல்த் 40-க்குக் கீழே போனால் நொண்ட ஆரம்பிப்போம். நொண்டுபவரால் மற்ற மூவரும் மெதுவாகப் போக வேண்டும். என் பையை எனக்கே வைத்துக்கொள்வதா, நொண்டும் நண்பருக்குக் கட்டுவதா? முன்பின் தெரியாத ஒருவர் ஒருமுறை வாய் திறக்காமல் வந்து தன் பையை எனக்குக் கட்டிவிட்டுப் போனார். அவர் பெயர்கூட நினைவில்லை. நான் நின்றிருந்த மாடிப்படி நினைவிருக்கிறது.

2025 மே மாதம் டூம்: த டார்க் ஏஜஸ் வெளிவந்தது. நாயகனின் கையில் கேடயம் என்று அறிவிப்பு வந்தபோதே எனக்கு முகம் சுளித்தது. முன்னே பாயக் கற்றுக்கொடுத்தவர்களே ஒதுங்கி நிற்கக் கருவி கொடுப்பதா? ஆடிப் பார்த்தபோது அந்தக் கேடயம் ரம்பம்போல் சுழன்று பறப்பதற்கும், தூரத்து எதிரியின் மீது போய் மோதுவதற்கும், பச்சையாக ஒளிர்ந்து வரும் குண்டுகளை வீசியவனிடமே திருப்பி அனுப்புவதற்கும் செய்யப்பட்டது என்று தெரிந்தது. ஆனால் முதல் இரண்டு மணி நேரம் நான் அதில் எதையும் செய்யவில்லை. ஒரு தூணுக்குப் பின்னால் போய், கேடயத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஹெல்த் ஏறும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.